விர்ட்டஸ் ஜிடி வாடகைக்கு எடுத்து கீழக்கரை டு தனுஷ்கோடி ஓட்டுனேன், மணல்ல ஸ்டியரிங் கேக்கல, என் தப்பா டயர் தப்பா?

முத்துச்சிப்பி:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். ஊரு கீழக்கரை, பொழப்பு ஷார்ஜா, ஒரு மாச லீவுல வந்துருக்கேன். நம்ம ஊரு ரோட்டுல ஒரு நல்ல டர்போ வண்டிய ஓட்டிப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, அங்க அகல ரோட்டுல எவ்வளவு பெரிய வண்டி ஓட்டுனாலும் அது டூட்டிக்கு போற மாதிரிதான் இருக்கு. அதனால மதுரையில ஒரு செல்ஃப் டிரைவ் கம்பெனில 3 நாளைக்கு ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி எடுத்தேன், 1.5 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். கேள்வி கடைசில இருக்கு, அதுக்கு முன்னாடி ஓட்டுன கதைய சொல்லிடுறேன், அப்பத்தான் என்ன நடந்துச்சுன்னு புரியும்.

மதுரையில இருந்து பரமக்குடி வரைக்கும் நாலு வழி, அங்கதான் வண்டி என்னன்னு தெரிஞ்சுச்சு. 150 பிஎஸ் பவர், 250 நியூட்டன் மீட்டர் டார்க்னு (இழுவை) படிக்கிறது வேற, அந்த 250ம் 1600 ஆர்பிஎம்லயே வந்துடுறதால கால லேசா வச்சா போதும், சத்தமே இல்லாம போய்க்கிட்டே இருக்கு, மீட்டர பாத்தாதான் 100 ஆயிருச்சுன்னு தெரியுது. எஸ் மோடுல (ஸ்போர்ட்) போட்டா கியர விடாம இழுத்து புடிச்சுக்குது, அப்ப மட்டும் இன்ஜின் குரல் உள்ள வருது. கால லேசா வச்சு சும்மா உருட்டிக்கிட்டு போனா நாலு சிலிண்டர்ல நடுவுல உள்ள ரெண்ட அதுவே நிறுத்திக்குது, மீட்டர்ல காட்டுது, ஆனா எப்ப நிக்குது எப்ப திரும்ப சேருதுன்னு ரேடியோவ ஆஃப் பண்ணிட்டு காத குடுத்து கேட்டும் என்னால புடிக்க முடியல.

பரமக்குடி தாண்டி ரெண்டு வழி ஆனதும்தான் இந்த பவரோட அருமை தெரியும். முன்னாடி கருவேல விறகு ஏத்துன டிராக்டர், எதிர்ல பஸ், நடுவுல கெடைக்கிற அந்த சின்ன இடைவெளில போயிட்டு திரும்ப நம்ம பக்கம் வந்து சேர்றதுக்கு எங்க பழைய வண்டில மூச்ச புடிச்சுக்கிட்டு இருப்பேன், இதுல ஏறுன வேகத்துலயே எறங்கிடலாம். எதிர் பக்கத்துல நிக்கிற நேரம் கொறையுது, எனக்கு அதுதான் பெரிய விசயம்.

மறுநாள் ஃபஜ்ர் தொழுகை முடிச்சுட்டு விடியக்காலைல இசிஆர்ல (கிழக்கு கடற்கரை சாலை) ஏர்வாடி தாண்டி சாயல்குடி வரைக்கும் தனியா போயிட்டு வந்தேன். வெளிச்சம் அப்பத்தான் வருது, ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடு நடுவுல பனை, வாலிநோக்கம் விலக்கு பக்கம் வந்ததும் காத்துல உப்பளத்து வாடை. ரோடு நேரா கெடக்குறதால வேகம் போகச் சொல்லுது ஆனா ஆட்டுக்கூட்டம் கருவேலத்துக்குள்ள இருந்து எப்ப வெளிய வரும்னு தெரியாது, 80க்கு மேல நான் போகல, அதுக்கே இந்த ஸ்டியரிங் அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. மேடு பள்ளத்துல வண்டி ஒரு தடவதான் எறங்கி ஏறுது, ரெண்டாவது தடவ ஆடல. ஒரே கொறை, அஞ்சு பேரு ஏறுனா எங்க ஊரு ஸ்பீடு பிரேக்கர்ல நடு வயிறு ஒரசுது, குறுக்கால சாச்சு ஏத்துனாதான் தப்பிக்குது.

இப்ப வாப்பா விசயம். வாப்பாவுக்கு 68 வயசு, 25 வருசம் அம்பாசிடர் டாக்சி ஓட்டுனவங்க. பாம்பன் ரோட்டு பாலம் 1988ல தொறக்கிறதுக்கு முன்னாடி சவாரிய மண்டபத்தோட எறக்கி விட்டுட்டு, ரயில்ல ஏத்தி அனுப்பிட்டு, அங்கயே வண்டிய போட்டுட்டு காத்து கெடப்பாங்களாம். நான் ஓட்டுறத பாத்துட்டு அவங்களுக்கும் ஆசை வந்துருச்சு, வாயத் தொறந்து கேக்கல, கதவு கைப்பிடிய தடவிக்கிட்டே நின்னாங்க. காலியா கெடந்த ஒரு திடல்ல கொண்டு போய் சாவிய குடுத்தேன். செருப்ப கழட்டி வெளிய வச்சுட்டு வெறுங்காலோட உக்காந்தாங்க, பெடல் கால்ல தெரியணுமாம். உருட்ட ஆரம்பிச்சு நாலடி போயிருக்காது, கிளட்ச்ன்னு நெனச்சு எடது கால வச்சு ஓங்கி ஒரு மிதி, அது பிரேக்கு, ரெண்டு பேரும் முன்னாடி போய் பெல்ட்டுல தொங்குனோம். "எடது காலுக்கு வேலையே இல்லையா வாப்பா?"ன்னு என்னைய பாத்து கேட்டாங்க, அந்த முகம் எனக்கு மறக்காது. அதுக்கப்புறம் எடது கால மடக்கி சீட்டுக்கு கீழ வச்சுக்கிட்டாங்க, அரை மணி நேரத்துல பழகிட்டாங்க. வாடகை பேப்பர்ல ரெண்டாவது டிரைவர்னு அவங்க லைசன்சும் குடுத்துருந்தேன், அதனால அன்னைக்கு சாயங்காலம் திருப்புல்லாணி வரைக்கும் அவங்களே ஓட்டுனாங்க.

மூணாவது நாள் தனுஷ்கோடி. பாம்பன் பாலம் ஏறுனதும் காத்து பக்கவாட்டுல தள்ளுது, எதிர்ல பஸ் வந்தா ஒரு செகண்டு காத்து நிக்குது, பஸ் போனதும் திரும்ப தள்ளுது, ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். இதுவரைக்கும் சரி. தனுஷ்கோடி பழைய சர்ச் தாண்டி 70ல போய்க்கிட்டு இருக்கேன், ரோடு சுத்தமாதான் தெரிஞ்சுச்சு, எதிர்ல வேன் கொஞ்சம் நடுவுல வந்துச்சுன்னு எடது பக்கம் லேசா ஒதுக்குனேன். அங்க தார் மேல மெல்லிசா மணல். ஸ்டியரிங் திரும்புது, வண்டி திரும்பல. பஞ்சு மாதிரி ஆயிருச்சு கையில. மீட்டர்ல மஞ்ச லைட்டு படபடன்னு அடிச்சுச்சு, கரகரன்னு ஒரு சத்தம், அப்புறம்தான் மூக்கு திரும்புச்சு. ஓரத்துல கம்பி வலை போட்ட கல்லு ஒரு முழத்துல இருந்துச்சு. பின்னாடி உம்மாவும் என் மகளும். ரோடு முடியிற அரிச்சல்முனை போய் வண்டிய நிறுத்திட்டு பத்து நிமிசம் கீழ எறங்காம உக்காந்துருந்தேன்.

கேள்வி ரெண்டு. ஒண்ணு, அது என் தப்பா, டயர் தப்பா, இல்ல இந்த மாதிரி பவர் உள்ள வண்டியே அந்த ரோட்டுக்கு ஆகாதா? ரெண்டு, வாப்பாவுக்கு ரொம்ப புடிச்சுருச்சு, இதே வண்டி செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கி ஊருல போட்டு வைக்கலாம்னு பாக்குறேன், நான் வருசத்துக்கு ஒரு மாசம்தான் இருப்பேன், வாப்பா அதுக்கு நடுவுல எப்பவாச்சும் எடுப்பாங்க. செய்யலாமா?

இன்னொன்னு, வண்டிய திருப்பி விடும்போது பிரேக் டிஸ்க்ல துரு, உள்ள மணல்னு சொல்லி டெபாசிட்ல 4000 ரூபா புடிச்சுட்டாங்க. அதுவும் நியாயமான்னு சொல்லுங்க.

ஸ்பானர்_ராம்நாடு:

தம்பி மொதல்ல எல்லாரும் நல்லபடியா வந்துட்டீங்க, அது போதும். நான் ராமநாதபுரத்துல 19 வருசமா ஒர்க்‌ஷாப் வச்சுருக்கேன், ராமேஸ்வரம் போயிட்டு வர்ற வண்டி பாதி நம்ம கிட்டதான் வந்து நிக்கும், அதனால இத கொஞ்சம் வெவரமாவே எழுதுறேன்.

காய்ஞ்ச மணல் தார் மேல மெல்லிசா கெடந்தா அது பால்ரஸ் குண்டு கொட்டி வச்ச மாதிரி. டயர் தார புடிக்காது, குண்டு மேல உருளும். மொத்தமா குவிஞ்சு கெடக்குற மணல் கண்ணுக்கு தெரியும், நாமளே பிரேக் போட்டுருவோம், மெல்லிசா கெடக்குறதுதான் ஆளக் கொல்லும், மதிய வெயில்ல தார் வெளுத்து தெரியும்போது மணலும் தாரும் ஒரே நெறம். அதனால அங்கிட்டு 70 அதிகம். உங்க தப்புன்னா அது ஒண்ணுதான், அதையும் அந்த ரோட்டுல மொத தடவ ஓட்டுற ஆளு தெரிஞ்சுக்க வழி இல்ல.

பவர் இதுல குத்தவாளி இல்ல. நீங்க அந்த நேரத்துல ஆக்சிலேட்டர மிதிக்கல, ஒதுங்கத்தான் திருப்புனீங்க. 60 குதிரை வண்டியா இருந்தாலும் மூக்கு நேராத்தான் போயிருக்கும். மஞ்ச லைட்டு அடிச்சது இஎஸ்சி, வண்டி வழுக்காம பாத்துக்குற எலக்ட்ரானிக் சமாச்சாரம், கரகரன்னு கேட்டது அது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா பிரேக்க புடிச்சு விடுற சத்தம். உங்கள கல்லுல மோதாம இழுத்துக்கிட்டு வந்தது அதுதான். ஆனா அதுக்கும் டயர் புடிக்கிறதுக்கு கொஞ்சமாச்சும் எடம் வேணும், மணல் இன்னும் நாலு மீட்டர் நீளமா கெடந்துருந்தா அதாலயும் ஒண்ணும் ஆயிருக்காது.

டயர் காத்து எவ்வளவு இருந்துச்சுன்னு பாத்தீங்களா? வாடகை வண்டி, பெட்ரோல் பங்க்ல கேக்காமலே 40 அடிச்சு விட்டுருவாங்க. காத்து கூடுனா டயர் நடுவுல மட்டும்தான் தரைல படும். வண்டில ஒட்டிருக்க ஸ்டிக்கர்ல போட்டுருக்க அளவு, அதுவும் காலைல டயர் சூடாகாதப்ப பாத்து வைக்கணும். சில பேரு தனுஷ்கோடிக்குன்னு காத்த கொறைக்கச் சொல்லி வருவாங்க, தார் ரோட்டுல ஓட அது வேண்டாம். மணலுக்குள்ள எறங்கி மாட்டிக்கிட்டா மட்டும் 20க்கு கொண்டாந்து, டிராக்‌ஷன் கன்ட்ரோல ஆஃப் பண்ணி, முன் சக்கரத்துக்கு அடில காருக்குள்ள கெடக்குற மேட்ட விரிச்சு, ரெண்டாவது கியர்ல மெதுவா. அத ஆஃப் பண்ணலன்னா சக்கரம் சுத்த ஆரம்பிச்சதுமே பவர வெட்டிடும், வண்டி நகராது. மேல வந்ததும் திரும்ப ஆன் பண்ண மறந்துராதீங்க.

மணல் முன்னாடி தெரிஞ்சா, அதுக்கு முன்னாடியே வேகத்த கொறைச்சுரு, மணல் மேல பிரேக்கும் வேண்டாம் திருப்புறதும் வேண்டாம், ஸ்டியரிங் நேரா, கால் லேசா. எதிர்ல வேன் வந்தா மணலுக்கு முன்னாடியே நின்னு அவன விட்டுட்டு போ. இதத்தான் நான் என் மவனுக்கும் சொல்லிக் குடுத்தேன்.

டிஸ்க்ல துரு வர்றது ஒரு ராத்திரி வேலை, இரும்பு டிஸ்க்ல உப்புக்காத்து பட்டா காலைல செவப்பா இருக்கும், நாலு தடவ பிரேக் புடிச்சா போயிரும். அதுக்கு 4000 புடிச்சது தப்பு. மணலுக்கு வாட்டர் வாஷ் காசு கேட்டா குடுக்கலாம், அவ்வளவுதான்.

வாங்கலாமான்னு கேட்டீங்க. என் மனசுல பட்டத சொல்றேன், வேண்டாம் தம்பி. வருசத்துல பதினோரு மாசம் கீழக்கரைல நிக்கிற வண்டி ஓடித் தேயாது, நின்னே தேஞ்சு போகும். ஏசி கண்டன்சர் வெள்ளை பூத்து உதிரும், பேட்டரி உக்காந்துரும், இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்த இழுக்கும், மாசக்கணக்குல டேங்குல கெடக்கக் கூடாது. எலி வயர கடிச்சா டர்போ வண்டில எந்த சென்சார்னு தேடவே ரெண்டு நாள். அதோட கழுவுறது. உங்க ஊருல போர் தண்ணில உப்பு, அதுல கழுவுனா உப்ப உப்பாலயே கழுவுன மாதிரி, அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணிதான் வேணும், குடிக்கிற தண்ணிய விலைக்கு வாங்குற ஊருல கார் கழுவ எங்க போவீங்க? பெரியவருக்கு வாரத்துக்கு மூணு நாளாச்சும் 20 கிலோமீட்டர் ஓட்ட வேலை இருந்தா சொல்லுங்க, அப்ப யோசிக்கலாம்.

தங்கச்சிமடம்_டீச்சர்:

தம்பி, ஸ்பானர் அண்ணன் வண்டிய பத்தி சொல்லிட்டாங்க, நான் காத்த பத்தி சொல்றேன். நீங்க வந்தது ஆடி மாசம், கச்சான் காத்து. அது தென்மேக்க இருந்து, ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்துல இருந்து மணல தூக்கி ரோட்டுல போடும். ஐப்பசிக்கு மேல வாடை திரும்பிரும், அப்ப வடக்க பெண் கடல் (பாக் நீரிணை) பக்கத்துல இருந்து வரும். இப்ப போறவங்க ரோட்டோட தெக்கு ஓரத்த பாத்துக்கிட்டே போகணும், மணல் அந்த ஓரத்துலதான் தொடங்கி நாக்கு மாதிரி நீளும். காலைல ஜேசிபி வச்சு தள்ளி விடுவாங்க, மதியத்துக்குள்ள திரும்ப வந்துரும். அதனால போகும்போது சுத்தமா இருந்துச்சேன்னு வரும்போது அதே வேகத்துல வரக்கூடாது.

பாம்பன்ல பழைய ரயில் பாலம் ஓட்டத்துல இருந்தப்ப காத்து மணிக்கு 58 கிலோமீட்டர தாண்டுனா சிக்னல் விழாது, ரயில நிறுத்திருவாங்க. பக்கத்துல ரோட்டு பாலத்துல அப்படி நிறுத்துறதுக்கு ஆளு இல்ல, நாமளேதான் வேகத்த கொறைச்சுக்கணும். ரெண்டேகால் கிலோமீட்டருக்கு மேல நீளம், நடுவுல உயரமா தூக்கிருப்பாங்க, அந்த உச்சிலதான் காத்து முழுசா அடிக்கும், அதே எடத்துலதான் புது தூக்குப் பாலத்த பாக்கணும்னு சனம் வண்டிய நிறுத்திட்டு குழந்தைய கைல புடிச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கிது. நிறுத்தக் கூடாதுன்னு போர்டு இருக்கு, போலீசும் சொல்றாங்க, யாரும் கேக்குறதில்ல. நான் தெனம் ஸ்கூட்டில மண்டபத்துக்கு ஸ்கூலுக்கு போறவ, காத்துக்கு ஸ்கூட்டி ஒரு அடி நகரும், அந்த நேரம் பின்னாடி ஒரு வண்டி சத்தத்தோட ஒட்டிக்கிட்டு வந்தா உசுரு கைல இருக்காது. நீங்க அப்படி போகலன்னு நீங்க எழுதுனதுலயே தெரியுது, இத படிக்கிற மத்த பசங்களுக்காக சொல்றேன்.

எங்க அம்மாச்சி தனுஷ்கோடில பொறந்தவங்க, 1964 டிசம்பர் புயல்ல எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க. 2017ல அரிச்சல்முனை ரோடு தொறக்குற வரைக்கும் முகுந்தராயர் சத்திரத்தோட தார் முடிஞ்சிரும், அதுக்கு அங்கிட்டு வேன்ல தண்ணிக்குள்ளயும் மணலுக்குள்ளயும் குலுங்கிக்கிட்டே போவோம். அந்த வேன் டிரைவருங்க ஒருத்தரும் 20க்கு மேல போக மாட்டாங்க. ரோடு வந்த பொறகுதான் அந்த மணல் மேல வேகமே வந்துச்சு, மணல் அதே மணல்தான். ஆடி அமாவாசைக்கு அந்த ரோட்டுல ஈரத்துணியோட வெறுங்கால்ல நடந்து வர்ற வயசானவங்கள பாத்துருப்பீங்க, அந்த கல்லு ஓரத்துலதான் நடப்பாங்க. நீங்க ஒதுங்குன எடத்துல அன்னைக்கு யாரும் இல்ல, ஆண்டவன் புண்ணியம்.

வைகைக்கரை:

நான் பரமக்குடி. வாடகை வண்டி விசயத்துல ஒண்ணு கேக்கணும் ப்ரோ, நம்பர் பிளேட் என்ன கலர்? கருப்பு பிளேட்ல மஞ்ச எழுத்துன்னா முறையான செல்ஃப் டிரைவ் வண்டி. வெள்ளை பிளேட்ல கருப்பு எழுத்துன்னா அது யாரோ ஒருத்தரோட சொந்த வண்டி, அத வாடகைக்கு விட பெர்மிட் கெடையாது. முறையா நடத்தணும்னா 1989ல வந்த ரென்ட் எ கேப் திட்டப்படி ஒரு கம்பெனி கொறஞ்சது 50 வண்டி வச்சுருக்கணும், அதனாலதான் நம்ம பக்கம் வெள்ளை பிளேட்டே சுத்துது. ஒண்ணும் நடக்காத வரைக்கும் தெரியாது, அந்த கல்லுல நீங்க மோதிருந்தா இன்சூரன்ஸ்காரன் வாடகைக்கு விட்ட வண்டின்னு சொல்லி க்ளெய்ம மறுக்கலாம், மொத்த செலவும் உங்க தலைல. டிரைவர் சைடு கதவுல இருந்து சுத்தி வந்து டயர், ரிம், அடிப்பக்கம், மீட்டர் ரீடிங் எல்லாம் அவங்க ஆளு நிக்கும்போதே வீடியோ எடுத்துருங்க, திருப்பி விடும்போது மறுபடியும். 4000க்கு பில்லு கேளுங்க, பில்லு தரலன்னா எழுதிக் குடுங்கன்னு கேளுங்க.

அப்புறம் நீங்க சொன்ன அந்த ஓவர்டேக் எடம் எனக்கு ரொம்ப நல்லா தெரியும், எங்க தெருவுல ரெண்டு வீடு அந்த ரோட்டால விளக்கணைஞ்சு கெடக்கு. பரமக்குடி டு ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டர நாலு வழி ஆக்க 2025 ஜூலைல மத்திய அமைச்சரவை 1853 கோடிக்கு ஒப்புதல் குடுத்துருக்கு, அது முடியிற வரைக்கும் எவ்வளவு பவர் இருந்தாலும் வளைவுல மட்டும் ஏறாதீங்க.

முத்துச்சிப்பி:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ் கைர், இம்புட்டு வெவரமா எழுதுவீங்கன்னு நெனைக்கல.

ஸ்பானர் அண்ணன், நீங்க சொன்னதும் போட்டோவ எல்லாம் தேடிப் பாத்தேன், மதுரையில வண்டி எடுத்தன்னைக்கு பெட்ரோல் போட்ட எடத்துல காத்தும் அடிச்சாங்க, என் மக அந்த மெசின போட்டோ எடுத்து வச்சுருக்கா, அதுல 41ன்னு நிக்குது. நான் பாக்கவே இல்ல. மூணு நாளும் 41ல ஓட்டிருக்கேன், மணல்ல டயர் புடிக்காம போனதுல அதுக்கும் பங்கு இருக்கும்னு இப்ப தோணுது.

டீச்சரக்கா, தெக்கு ஓரத்த பாக்கணும்னு சொன்னீங்க பாருங்க, நான் அன்னைக்கு எதிர்ல வந்த வேனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த கல்லு ஓரத்துல யாராச்சும் நடந்துருந்தான்னு நீங்க எழுதுன வரிய உம்மாவுக்கு படிச்சு காட்டல.

வைகைக்கரை ப்ரோ, பிளேட் வெள்ளை. எனக்கு இது தெரியவே தெரியாது. 4000க்கு பில்லு கேட்டு மெசேஜ் அனுப்பிருக்கேன், இன்னும் பதில் இல்ல. உங்க தெரு வீடுகள பத்தி படிச்சது மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு.

வாங்குற யோசனைய விட்டுட்டேன். வாப்பாகிட்ட சொன்னேன், போர் தண்ணி விசயத்த சொன்னதும் அவங்களே தலைய ஆட்டுனாங்க, அம்பாசிடர் காலத்துலயும் ஊருணில இருந்து கொடத்துல கொண்டு வந்துதான் வீல கழுவுவாங்களாம். அடுத்த லீவுல கருப்பு பிளேட் வண்டியா பாத்து எடுக்கப் போறேன், இதே 1.5 இன்ஜின் 6 ஸ்பீடு மேனுவல்லயும் வருதுல்ல, அது கெடைச்சா நல்லது. வாப்பாவோட எடது காலுக்கு வேலை வேணும். ஸ்பானர் அண்ணன், தனுஷ்கோடி போயிட்டு வர்ற அன்னைக்கே அடிப்பக்கம் நல்ல தண்ணில அடிக்கிற எடம் மண்டபம், உச்சிப்புளி பக்கம் எங்கயாச்சும் இருக்கா?

ஸ்பானர்_ராம்நாடு:

வழில எதுவும் பாக்க வேண்டாம் தம்பி, நேரா நம்ம பட்டறைக்கு வாங்க, தண்ணி லாரில வாங்கி ஊத்தி வச்சுருக்கேன், லிப்ட்ல ஏத்தி அடிச்சு விட்டுருவோம். சாயங்காலம் 6 மணிக்குள்ள தனுஷ்கோடில இருந்து எல்லாரையும் கெளப்பிருவாங்க, அங்க இருந்து கெளம்பும்போது ஒரு போன் போடுங்க, நான் தொறந்து வைக்கிறேன். பெரியவரையும் கூட்டிட்டு வாங்க, அம்பாசிடர் ஆளுன்னு சொன்னீங்க, நானும் அதுலதான் தொழில் பழகுனேன்.